டெஸ்ட் மிஷின் கார்டும் என் வாயும்

கம்ப்யூட்டர்ல கேமு, வீடியோ ஓட்டுற கிராபிக்ஸ் கார்டு விக்கிற தொழில்ல விக்கிறது கால்வாசி, மிச்சம் முக்காவாசி எது பெஸ்ட்டுன்னு வாய்ச்சண்ட. கவுண்டருக்குப் பின்னால நின்னு தொண்ட காஞ்சு போன என் சொந்தங்களே, உங்களுக்குத்தான் இத எழுதுறேன். மத்தவங்ககிட்ட சொன்னா "இன்னா, ஒரு கார்டுக்கா இவ்ளோ?"ன்னு கேப்பாங்க. எனக்கு மறுபடி கோவம் வரும்.

இப்ப வேற ஊர்ல மேல்படிப்பு. அப்ப காலேஜ் கடைசி வருஷம். செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்துல, மாடியில ஒரு கம்ப்யூட்டர் கட. ஓனரு தாமஸ் அண்ணன். ரிப்பேர் பாக்குறது பாபு அண்ணாத்த. வர்ற ஆளுக்கு ரெண்டு கார்டையும் ஓட்டிக் காட்டி, வித்தியாசம் சொல்றது நான். சம்பளத்துக்காக சேரல. அங்க ஒரு டெஸ்ட் மிஷின், அதுல ஒரு நல்ல கார்டு. கூட்டம் இல்லாதப்ப அதுல என் புராஜெக்ட்ட ஓட்டிக்கலாம்னு தாமஸ் அண்ணன் சொல்லியிருந்தாரு. மீன் போட்டோவக் காட்டுனா பேரு சொல்ற சாப்ட்வேர். அதப் பழக்குறதுக்கு நல்ல கார்டு வேணும். எங்க காலேஜ் லேப் மிஷினுங்க பவர்பாயிண்ட் தொறக்கவே மூச்சு வாங்கும். அந்தக் கார்டு இருந்தாதான் என் புராஜெக்ட்டு. ஒரே ஒரு கண்டிஷன், கஸ்டமர்கிட்ட சண்ட போடக்கூடாது. என்கிட்ட போயி!

நம்பர் சார்

சிறுசேரியில சாப்ட்வேர் கம்பெனி ஆளு ஒருத்தரு, கழுத்துல அடையாள அட்டையோட, சனிக்கெழமை வந்தாரு. போன்ல பெரிய கணக்கே போட்டு வெச்சிருக்காரு. இந்தக் கம்பெனி கார்டுல கோர், அதான் உள்ள கணக்குப் போடுற குட்டி மூள, இவ்ளோ, அந்தக் கம்பெனி கார்டுல இவ்ளோ, அப்ப இதுதான் ரெண்டு மடங்கு வேகம்னு அவரே தீர்ப்பும் சொல்லிட்டாரு. "சார், வேற வேற கம்பெனி கோர எண்ணிப் பாத்து பிரயோஜனம் இல்ல. இட்லியையும் பரோட்டாவையும் எண்ணி எது வயிறு ரொம்பும்னு கேப்பீங்களா?"ன்னேன்.

ஓட்டியே காட்டினேன். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் ஓடுச்சு. மனுஷன் ஸ்கிரீனப் பாக்கவே இல்ல, போனத்தான் பாக்குறாரு. போறப்ப சொன்னாரு: "மேடம், எங்க ஆபீஸ்ல நம்பரப் பாத்துதான் ஆளையே எடை போடுறாங்க. நம்பர நம்பாத பொண்ண இப்பதான் பாக்குறேன்."

கடல் காத்து

திருவிடந்தையில கடலப் பாத்த ஒரு வூட்ல இருந்து வந்த கார்டு. வாங்கி வருஷம்கூட ஆவல, பேன் சுத்தல. பாபு அண்ணாத்த கழட்டித் தட்டுனாரு, டேபிள் மேல மணலு. ஸ்க்ரூ எல்லாம் பச்ச பூத்து, துரு புடிச்சு கெடக்குது. ஜன்னல் பக்கம் வெக்காதீங்கன்னு படிச்சிப் படிச்சி சொல்லி அனுப்புனவ நான். நான் கத்த ஆரம்பிக்கிறதுக்குள்ள பாபு அண்ணாத்த முந்திக்கினாரு: "வுடுமா, இத வாரண்டிக்கு அனுப்புனா கம்பெனிக்காரன் கடல் மேலதான் கேஸு போடுவான்."

சும்மா இருந்த கார்டு

மாமல்லபுரத்துல அலைச்சறுக்கு கத்துக்குடுக்குற ஒரு பையன், கலர் அடிச்ச முடி. கேபினெட்டையே தூக்கினு மாடி ஏறி வந்துட்டான். "இன்னா கார்டு குடுத்தீங்க? பழைய மாதிரியேதான் கேமு திக்குது. ஏமாத்துக் கட!"ன்னு சத்தம். நானும் விடல, அவனுக்கு மேல சத்தம். தாமஸ் அண்ணன் தலையில கைய வெச்சிகினு உக்காந்துட்டாரு.

"வூட்ல மானிட்டர் ஒயர எங்க சொருவுன?"ன்னு கேட்டேன். கையக் காட்டுனான். மதர்போர்டுல! கார்டுல சொருவவே இல்ல. படம் வந்துச்சாம், அதனால சரின்னு விட்டுட்டானாம். ஒயர மாத்தி கார்டுல சொருவினேன். கேமு வழுக்கினு ஓடுச்சு. அவன் மூஞ்சியில அப்பிடி ஒரு வருத்தம்: "அப்ப இத்தினி நாளும் அது சும்மா லைட்டு போட்டுகினு குந்திகினு இருந்துச்சா? என்னய மாதிரியே கீதே, அக்கா!"

தாமஸ் அண்ணனும் அப்ப சிரிச்சிட்டு, சாயங்காலம் என்னக் கூப்புட்டு கண்டிஷனா சொன்னாரு, இன்னொரு தபா என் சத்தம் கேட்டா டெஸ்ட் மிஷினத் தொடவே கூடாதுன்னு.

பேர மறச்ச கத

அதனால பேசாமயே புரிய வெக்க ஒரு வழி கண்டுபுடிச்சேன். ரெண்டு டேபிள், ரெண்டு கார்டு, ஒரே படம். எது எந்தக் கார்டுன்னு தெரியாம பேப்பர் ஒட்டி மறச்சிடுவேன். "கண்ணால பாத்து நீங்களே சொல்லுங்க"ன்னு வர்றவங்ககிட்ட விட்டுடுவேன். அணுபுரத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க, சொந்த ஊரு நாகர்கோவில். கட்டடப் படம் வரையுற பொண்ணுக்காக கார்டு. ரெண்டு டேபிளுக்கும் பொறுமையா நடந்து நடந்து பாத்தாங்க. கடைசியில வெல கம்மியான கார்டு ஓடுற டேபிளக் காட்டி, "இதுதான் தெளிவா இருக்கு"ன்னாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறந்தான் பாத்தேன், அந்த டேபிள்ல இருந்தது புது மானிட்டரு. பளிச்சுன்னு வெளிச்சம். விஷயத்த சொன்னேன். அந்தம்மா அசரல: "அப்பம், கார்டு கெடக்கட்டும் மக்ளே, அந்த மானிட்டரத் தா."

நான் ஜெயிச்ச கத

வேலு அண்ணன் மாமல்லபுரத்துல கல்யாண வீடியோ எடுக்குறவரு. ரிசார்ட்டு, பீச்சு, ட்ரோனு. புது மாடல் கார்டுதான் வேணும்னு நின்னாரு. "புதுசு வேகம்தான், ஒத்துக்கிறேன். ஆனா மெமரி எட்டு ஜிபி. உங்க வீடியோவ நாலு அடுக்கு போட்டா ரொம்பி வழியும். முந்தின மாடல்ல பன்னெண்டு கீது"ன்னேன். "தோ பாருமா, பழசு பழசுதான்"ன்னாரு. அவ்ளோதான், எனக்கு ஏறிடுச்சு.

அவரு எடுத்த கல்யாணத்தையே வாங்கி ரெண்டு டேபிள்லயும் ஓட விட்டேன். புதுசுல பொண்ணு மால போடப் போற நேரம் படம் நின்னுடுச்சு, மால அந்தரத்துல தொங்குது. அந்த முந்தின மாடல் இருக்குற டெஸ்ட் மிஷின்ல மால வுழுந்து, அச்சத தூவி, ஜனம் பந்திக்கே போயிடுச்சு. "இப்ப சொல்லுங்க, எது பழசு?"ன்னு கத்தினேன். தாமஸ் அண்ணன் மொறைக்கிறாரு. வேலு அண்ணன் ரெண்டு தபா ஓட்டிப் பாத்துட்டு, "நீ சொன்னதுதான் கரெக்ட்டு. அதையே குடுத்துடு"ன்னாரு.

அப்பதான் ஒறச்சுது. அந்த மாடல் வேற எங்கயும் ஸ்டாக் கெடையாது. இருக்குறது டெஸ்ட் மிஷின்ல ஓடிகினு கீற அந்த ஒண்ணுதான். என் மீனுங்க பாதிப் பாடத்துல நிக்குது. 'புதுசையே வாங்கிக்கோங்கண்ணா'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா நான் தோத்த மாதிரி ஆயிடுமே! காலி டப்பாவ நானே எடுத்து நீட்டுனேன். பாபு அண்ணாத்த கார்டு சூடு ஆறுறதுக்குள்ள கழட்டி டப்பாவுல வெச்சிட்டாரு. வேலு அண்ணன் படி எறங்குற வரைக்கும் காத்திருந்து தாமஸ் அண்ணன் கேட்டாரு: "சண்டையில நீதான ஜெயிச்ச, அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வெச்சிகினு கீற?"

ஊருக்கே எந்தக் கார்டு பெஸ்ட்டுன்னு தீர்ப்பு சொன்னவ, இன்னிக்கு ஹாஸ்டல்ல கார்டே இல்லாத ஒரு லேப்டாப்ப வெச்சிகினு, சண்ட போட ஒரே ஒரு கஸ்டமர் வர மாட்டானான்னு ஏங்கினு கீறேன்.