ராணித் தலை ரூபாயின் கன்னம்

வெள்ளி விஷயத்தில் அன்றும் சரி, இன்றும் சரி, என்னை யாரும் ஏமாற்றிவிட முடியாது. ராஜபாளையத்தில் எங்கள் வெள்ளிக்கடையில் என் வீட்டுக்காரர் தராசைப் பிடிப்பார். காசைப் பார்த்து நல்லது பொல்லாதது சொல்வது நான்தான். அழுக்கு வேறு, தானாக ஏறிய கறுப்பு வேறு. புளி போட்டுத் தேய்த்து மினுக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பர்மாச் சண்டைக்குப் போன தம்பியிடமிருந்து வெகுநாளாகத் தகவல் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா சாப்பாட்டையே குறைத்துவிட்டாள். நான் பார்க்கப் போயிருந்த அன்று, லீவில் வந்த தளவாய்புரத்துப் பட்டாளத்துக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, ஒரு ராணித் தலை வெள்ளி ரூபாயை அம்மா கையில் வைத்தார். ஓரத்தில் உளி வெட்டு. பெருங்காய டப்பாவில் கிடந்து முழுக்கக் கறுத்துப்போயிருந்த, தம்பி கிளம்பும்போது அம்மா கொடுத்தனுப்பிய அதே காசு.

"முகாம்ல கை மாறி மாறி என்கிட்ட வந்துச்சும்மா. வெட்டுள்ள காசு சீவில்லிபுத்தூர் ஆளோடதுன்னாங்க. அவரப் பத்தி வேற ஒண்ணும் தெரியல" என்றார்.

"எம்பிள்ளையோட சேர்ந்து மண்ணுல கிடந்த காசுட்டி" என்று அழுதுகொண்டே, அதைக் கழுவ அம்மா புளியை எடுக்கப் போனாள்.

"தேய்ச்சிராதம்மா, இருக்கிற தடமும் போயிரும்" என்று பிடுங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். காசு முழுக்க நீலம் பாய்ந்த கறுப்பு. கிரீடம், தலைமுடி எல்லாம் கூர்மையாகவே இருந்தன. ராணியின் கன்னம் மட்டும் தேய்ந்து பளிச்சென்றிருந்தது.

"அழாத. மண்ணுல கிடந்திருந்தா கன்னமும் கறுத்தேதான் இருக்கும். கொஞ்ச நாள் முன்ன வரைக்கும் இதுல கட்டைவிரல் ஓடியிருக்கு. காசு கையில இருந்தாத் தடவிக்கிட்டே இருப்பானே உம்மவன். அவன் நல்லாத்தான் இருக்கான்" என்றேன்.

அம்மாவின் முகம் தெளிந்தது. தானே தட்டைப் போட்டு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவருக்குக் காப்பி கொடுத்தேன்.

அவர் பஸ் நேரத்தைக் கேட்டபடியே, நான் பாயில் வைத்திருந்த காசைக் கையில் எடுத்தார். அவருடைய கட்டைவிரல் தானாக ராணியின் கன்னத்துக்குப் போய் மெல்லத் தேய்க்க ஆரம்பித்தது. ரொம்ப நாள் பழகிய விரல்.

அம்மாவைப் பார்த்தேன். அவளும் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். "இன்னும் கொஞ்சம் சோறு போடுட்டி."