மாடிச் சாவி

ஆம்பூரில் எனக்கு வாய்த்த வீட்டுக்காரரின் லுங்கி முடிச்சில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். பேசுவதற்கு முன் அதை ஒருமுறை குலுக்குவார். அந்தச் சத்தம் கேட்டாலே குடித்தனக்காரர்கள் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம்.

வானத்தைப் படமெடுக்க ஆசை ஆசையாக ஒரு லென்ஸ் தொலைநோக்கி வாங்கினேன். அந்த வீட்டு மேல்மாடிக்கு நான் குடிவந்ததே தலைக்கு மேலே மொட்டைமாடி இருந்ததால்தான். முதல் நாள் சாயங்காலம், கேமராவை மாட்டுவதற்கு முன், மரியாதைக்காக அவரைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டினேன்.

"நல்லா இருக்குது" என்று உடனே கண்ணை எடுத்துவிட்டார். பிறகு என்னைக் கேட்காமலே குழாயைக் கீழே சாய்த்து, பின்தெரு வீடுகள் பக்கம் திருப்பினார். குமிழைத் திருகித் தெளிவாக்கிக்கொள்ள அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நிலாவுக்குக் கிடைக்காத நேரம் அங்கே ஒரு ஜன்னலுக்குக் கிடைத்தது.

"ஆளுங்க தலைகீழா தெரியுறாங்களே சார், நேரா தெரியாதா?"

"வானத்தைப் பாக்கறதுக்குத்தான் சார் இது."

சாவிக்கொத்தைக் குலுக்கினார். "பொம்பளைங்க இருக்கற இடம். பேஜாராய்டும் சார். நாளையிலேர்ந்து மாடிக்குப் போகாதீங்க."

மறுநாள் மாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. பின்தெருவிலும் என்னைப் பற்றி அவரே ஏதோ சொல்லிவைத்திருக்கிறார் போல. என்னைக் கண்டால் ஜன்னலைச் சாத்துகிறார்கள், அவரைக் கண்டால் "வாங்கண்ணே" என்கிறார்கள். தொலைநோக்கி கட்டிலுக்கடியில் கிடக்கிறது. சாயங்காலமானால் என் தலைக்கு மேலே, மொட்டைமாடியில், சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்கிறது.