டிலக்சி வரவில்லை என்று ஒரு மெசேஜ்

போன செவ்வாய்க்கிழமை காலை. நான் வேலை செய்கிற வீட்டு அம்மாவுக்கு, இங்கத்தைச் சொல்லில் சிஞ்ஞோராவுக்கு, காப்பி வைத்துவிட்டு அடுப்படியில் நிற்கிறேன். ஃபோன் அடித்தது. பார்த்தால் ஜெசிந்தா.

வேலை நேரத்தில் ஜெசிந்தா யாரையும் கூப்பிடுகிற ஆள் இல்லை. வியா மக்வேதா என்ற பெரிய தெருவில் சுற்றுலாக்காரர் தங்கும் வீடு ஒன்றில் அறைகள் துப்புரவாக்குகிறாள். பதினொரு மணிக்குள் ஐந்து அறையும் முடிய வேண்டும். ஃபோனை எடுத்து ‘என்னம்மா?’ என்று கேட்கக்கூட விடவில்லை அவள்.

“அக்கா, பிள்ளை பள்ளிக்கூடம் வரேல்லையாம்! மெசேஜ் வந்திருக்கு! நான்தானே கேற்றடியிலை விட்டுட்டு வந்தனான்... உள்ளுக்குப் போறதையும் பார்த்தனான் அக்கா!”

இங்கே இத்தாலியில் பள்ளிக்கூட வரவு இடாப்பு இப்போது ஃபோனுக்குள் இருக்கிறது. ஆசிரியை காலையில் பெயர் கூப்பிட்டு, வராத பிள்ளைக்கு ஒரு தட்டு தட்டினால் போதும். அடுத்த நிமிடம் தாயின் ஃபோனில் செய்தி வந்துவிடும். ‘உங்கள் மகள் இன்று வரவில்லை.’

எட்டு வயதுப் பெண்பிள்ளை. துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு. என் மனதில் என்னவெல்லாம் ஓடியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? அடுப்பை நிற்பாட்டிவிட்டு, ஏப்ரனோடு ஓடினேன். சிஞ்ஞோரா பின்னால் ஏதோ கத்தினா. காது கேட்கவில்லை.

நான் வேலை செய்கிற வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இருக்கிற போர்கோ வெக்கியோ கிட்ட. சந்தைக்குள்ளால் குறுக்கே விழுந்து, மீன்கடைத் தண்ணீரில் வழுக்கி, எப்படியோ ஜெசிந்தாவுக்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டேன். வாசலில் இருந்த காவல்காரப் பெண்மணி என் கோலத்தைப் பார்த்துப் பயந்து, ஒன்றும் கேட்காமல் மாடிக்குக் கூட்டிப்போனா.

வகுப்புக் கதவைத் திறந்தோம்.

மூன்றாவது வரிசை. யன்னல் பக்கம். டிலக்சி இருந்தாள்... புத்தகப் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கதவையே பார்த்தபடி.

கடவுளே! கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

புது ஆசிரியைக்கு, பிள்ளைகள் சொல்லுகிற மயெஸ்த்ராவுக்கு, முகம் சிவந்துவிட்டது. “கூப்பிட்டேன் சிஞ்ஞோரா. பதில் வரவில்லை. இருபத்தைந்து பிள்ளைகள்... பாதி முகம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை” என்றா. பொய் சொல்லவில்லை அவ. கெட்டவவும் இல்லை. மேசையில் இரண்டு வகுப்புக் கொப்பிகள் குவிந்து கிடந்தன. தினமும் டிலக்சிக்காகப் பக்கத்து மேசைப் பிள்ளை ‘இருக்கிறாள்’ என்று சொல்லுமாம். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்.

அப்போதுதான் ஜெசிந்தா வந்தாள். கையில் கழிப்பறை கழுவுகிற ரப்பர் உறை. கழற்ற மறந்து வியா மக்வேதா முழுக்க அதோடேயே ஓடி வந்திருக்கிறாள். பிள்ளையைக் கண்டதும் அந்தக் கையோடு கட்டிப்பிடித்தாள்.

“ஏனம்மா வாய் திறக்கேல்லை? கூப்பிட்டவதானே?”

டிலக்சி தாயின் காதுக்குள் சொன்னது எனக்கும் கேட்டது.

“மயெஸ்த்ரா என்னைப் பாக்கேல்லை அம்மா.”

இந்தக் கதையை இதோடு நிறுத்தினால், ‘அப்பாடா, பிள்ளை கிடைத்துவிட்டது’ என்று நீங்களும் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். எனக்கும் அது வசதிதான். ஆனால் அந்த மெசேஜில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த வாரம் உங்கள் முகத்தில் முழிக்க முடியாது.

முதலில் டிலக்சியைப் பற்றி. வீட்டில் அவள் வாயை மூட முடியாது. தமிழில் கேள்வி மேல் கேள்வி. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால், தாயின் காதுக்குள் தவிர, ஒரு சொல் வராது. வெட்கம் என்றோம், திமிர் என்றோம், நாவூறு என்றுகூடச் சிலர் சொன்னார்கள். வைத்தியர்தான் சொன்னார் — இது ஒரு வகைப் பயம், பிள்ளையின் பிழை இல்லை, காத்திருக்க வேண்டும் என்று.

காத்திருந்தது யார் தெரியுமா? போர்கோ வெக்கியோ அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கிரட்சியெல்லா என்று ஒரு ஆசிரியை. பெயர் கூப்பிடும்போது டிலக்சியின் பெயரைக் கடைசியாகக் கூப்பிடுவா. கூப்பிட்டுவிட்டு, பேனையை மூடி வைத்துவிட்டு, அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பா. சிரித்த முகத்தோடு, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு, ‘பரவாயில்லை, நாளைக்கு’ என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்குவா. அந்த நேரம் வகுப்பில் ஒரு பிள்ளை சிரிக்கக் கூடாது, அதுதான் சட்டம்.

ஒன்றரை வருடம்! ஒருநாள் டிலக்சி ‘பிரசென்தே’ என்றாள். இருக்கிறேன் என்று. வகுப்பே கைதட்டியதாம். அன்றைக்கு ஜெசிந்தா என் வீட்டுக்கு ஒரு பெட்டி கனோலி இனிப்புக் கொண்டுவந்தாள். அரைவாசியை நான்தான் சாப்பிட்டேன்.

இனி என் கதை.

போன வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு முன், எங்கள் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வருகிறோம். மாதா கோவில் வாசலில் ஒரு மேசை. மேசையில் ஒரு தாள். கன்னியர் பள்ளிக்கூடம் ஒன்றின் பெற்றோர் சங்கத்திலிருந்து நல்ல உடுப்புப் போட்ட ஒரு பெண்மணி. ‘பெற்றோருக்குச் சுதந்திரம். உங்கள் பிள்ளைக்குப் பிடித்த பள்ளிக்கூடத்தை நீங்களே தெரிவு செய்யலாம். செலவை அரசாங்கம் பூவோனோவாகத் தரும். சட்டம் வரவேண்டும், அதற்குக் கையெழுத்துப் போடுங்கள்’ என்றா. பூவோனோ என்றால் வவுச்சர்தான்.

கோவில் வாசலில் நீட்டுகிற தாளை நாங்கள் வாசிப்போமா? சொல்லுங்கள், நீங்கள் வாசிப்பீர்களா? திருவிழாவோ, யாத்திரையோ, யாருக்கோ மருத்துவ உதவியோ என்று நினைத்து வரிசையில் நிற்போம். சாமியின் வாசலில் இருப்பதால் நல்லதாகத்தான் இருக்கும் என்று போடுவோம். விசா புதுப்பிக்கிற பொலிஸ் அலுவலகமான கெஸ்தூராவில் ஒரு கையெழுத்துக்கு நாலு பேரைக் கேட்கிற சனம், கோவிலடியில் கண்ணை மூடிக்கொண்டு போடும்.

அதோடு ‘கன்னியர் பள்ளிக்கூடம்’ என்ற சொல் வேறு. யாழ்ப்பாணம், மன்னார்ச் சனத்துக்கு அது போதுமே! நானும் ஒரு கொன்வென்ற்றில் படித்தவள்தான். அங்கே படிப்புக்குக் காசு கட்டியதில்லை. மீன்பிடிக்கிறவரின் மகளும் டொக்டரின் மகளும் ஒரே வாங்கில் இருந்தோம். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன்.

என் மூக்குக்கண்ணாடி அன்றைக்கு வீட்டில். ஆனாலும் பந்தாவாகப் போய் முதல் ஆளாகப் போட்டேன். போட்டதோடு விட்டேனா? எனக்குப் பின்னால் நின்றவர்கள், ‘அக்கா, என்னெண்டு அக்கா?’ என்றார்கள். பேப்பரில் எழுதுகிற அக்கா அல்லவா! “நல்ல விசயம்தான், வையுங்கோ, வையுங்கோ” என்றேன். வரிசை முழுக்க வைத்தது. ஜெசிந்தாவின் பெயர் எனக்கு அடுத்த வரியில்.

சட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் ‘வரும், வரும்’ என்ற பேச்சே போதுமாக இருந்தது. தைமாதம் பெயர் பதிகிற நேரம், டிலக்சியின் வகுப்பிலிருந்து நாலு தமிழ்ப் பிள்ளைகள் கன்னியர் பள்ளிக்கூடத்துக்கு மாறினார்கள். பூவோனோ வரும்வரை எப்படியாவது சமாளிப்போம் என்று பெற்றோர் துணிந்துவிட்டார்கள். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கழிப்பறைத் தாள்கூட நாங்கள்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். மழை பெய்தால் நடையில் வாளி வைப்பார்கள். ஓடினவர்களில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜெசிந்தாவும் அங்கே இடம் கேட்டுப் போனாள். என்னைத்தான் மொழிபெயர்க்கக் கூட்டிப்போனாள்.

பளிங்குத் தரை. மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் புதுப் பூ. சிஸ்டர் நல்ல அன்பானவ. டிலக்சிக்கு இனிப்புக் கொடுத்து, பெயர் என்ன என்று கேட்டா. மூன்று தரம் கேட்டா. டிலக்சி இனிப்பைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். நான் மனதுக்குள் ஒரு முழு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடித்தேன். பிள்ளை வாய் திறக்கவில்லை.

சிஸ்டர் என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னா. இப்படியான பிள்ளைக்குத் தனி ஆசிரியை தேவை, எங்களிடம் ஆள் இல்லை. அரசாங்கப் பள்ளிக்கூடம்தான் இவளுக்கு நல்லது.

அதை நான்தான் தமிழில் சொன்னேன். “இந்த வருசம் இடம் நிரம்பிட்டுதாம்” என்றேன். ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் இத்தாலியன் அவ்வளவுக்கு விளங்கும் என்பது எனக்கு அப்போது நினைவில் வரவில்லை.

தெரிவு எங்களுக்கு என்றார்கள். கடைசியில் பார்த்தால், தெரிவு செய்தது பள்ளிக்கூடம். வாய் உள்ள பிள்ளைகளைத் தெரிவு செய்தது, வாய் வராத பிள்ளையைத் திருப்பி அனுப்பியது. எங்கே அனுப்பியது? யாரையும் திருப்பி அனுப்பாத பள்ளிக்கூடத்துக்கு. அந்தப் பள்ளிக்கூடத்துக் கூரைக்கும் ஆசிரியைக்கும் போகவேண்டிய காசைத்தான் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லி நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அட கோதாரி!

செப்டெம்பரில் பள்ளி தொடங்கியபோது இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கிவிட்டார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். கிரட்சியெல்லா ஆசிரியைக்குப் பிரான்காச்சோவுக்கு மாற்றம். இரண்டு பஸ் ஏறிப் போகிறா. போகிற அன்று டிலக்சியின் கையில் தன் பேனையைக் கொடுத்துவிட்டுப் போனாவாம்.

இப்போது செவ்வாய்க்கிழமை மெசேஜ் எப்படி வந்தது என்று விளங்குகிறதா?

என் சிஞ்ஞோராவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவவின் பேரப்பிள்ளைகள் இரண்டும் தொடக்கத்திலிருந்தே காசு கட்டுகிற பள்ளிக்கூடத்தில்தான். “ஆனால் பூவோனோ வந்தால் எங்களுக்கும் கிடைக்குமாமே?” என்று கேட்டா. கெட்ட மனதோடு கேட்கவில்லை, உண்மையிலேயே அறிய விரும்பித்தான் கேட்டா. நான் காப்பிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, தாளில் என் பெயரை வெட்டவேண்டும் என்று அந்தப் பெண்மணியைத் தேடிப்போனேன். தாள் எப்போதோ மேலே போய்விட்டதாம். “இனி ஒன்றும் செய்ய முடியாது, சிஞ்ஞோரா” என்று அன்பாகக் கையைப் பிடித்தா.

சரி, அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியைகள் இந்தச் சட்டம் வேண்டாம் என்று இன்னொரு தாள் வைத்திருக்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டு அதே கோவில் வாசலில் நின்றேன், இந்தமுறை கண்ணாடியோடு. பிள்ளையை மாற்றிய செல்வம் அண்ணை தாளைத் தொடவே இல்லை.

“என்ரை பிள்ளை அங்கை நல்லாப் படிக்குது. போன வருசம் நீர்தானே வைக்கச் சொன்னனீர்? இப்ப வேண்டாமெண்டுறீர். உமக்கென்ன விசரோ?”

அவர் கேட்டதில் என்ன பிழை? அன்றைக்கு எனக்கு நாலே நாலு கையெழுத்துத்தான் கிடைத்தது. போன வருடம் வரிசையே நின்ற இடம்.

அங்கிருந்து நேரே ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாசலில் வைத்தே அழுகை வந்துவிட்டது எனக்கு.

“ஏன் அக்கா அழுறியள்? நானும்தானே வைச்சனான்.”

“நான் சொல்லித்தானே வைச்சனீர். பேந்து சிஸ்டர் சொன்னதையும் நான் மாத்திச் சொன்னனான்...”

“எனக்கு அப்பவே விளங்கினது அக்கா. நீங்கள் என்ரை மனம் நோகக் கூடாதெண்டு சொன்னியள் எண்டு பேசாமல் இருந்திட்டன்.” கதிரையை இழுத்துப் போட்டாள். “தாளைக் காட்டுங்கோ. இந்தமுறை வாசிச்சுச் சொல்லுங்கோ. ஒரு வரியும் விடாமல்.”

வாசித்தேன். இத்தாலியனில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. சில இடத்தில் நிற்பாட்டி, “அப்பிடியெண்டால்?” என்று கேட்டாள். எனக்கு விளங்காத இரண்டு சொல்லை ஃபோனில் தேடிப் பார்த்தோம். அரை மணித்தியாலம் ஆனது. பிறகு உள்ளே போய் ஒரு பேனை எடுத்துவந்து, மெல்ல, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை எழுதினாள். கிரட்சியெல்லா ஆசிரியையின் பேனை.

டிலக்சி பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புது ஆசிரியை இப்போது அவள் பெயரைக் கூப்பிடும்போது தலையை நிமிர்த்திப் பார்க்கிறாவாம். டிலக்சி கையை உயர்த்துகிறாள். வரவில்லை என்ற மெசேஜ் பிறகு வரவில்லை.

“‘பிரசென்தே’ எண்டு சொல்லேன் அம்மா, அக்காவுக்காக ஒருக்கா” என்று பிள்ளையிடம் கேட்டேன். தன் வீட்டில், தன் தாயின் பக்கத்தில்தானே இருக்கிறாள் என்ற துணிவில் கேட்டேன். என்னைப் பார்த்தாள். மெல்லக் கையை உயர்த்திக் காட்டினாள்.

ஒன்றரை வருடம் காத்திருந்து வந்த அந்த ஒரு சொல் போய்விட்டது. எங்கேயோ ஒரு அலுவலகத்தில், அந்தப் பழைய தாளின் முதல் வரியில், என் கையெழுத்து மட்டும் ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.