மூணாவது சிலிண்டரில் ஒரு கோடு

எங்கள் வீட்டில் யாரையும் நம்புகிற வழக்கம் கிடையாது. களத்தில் தூற்றிக் குவித்த நெல்லின் மேல் சாணிப்பாலால் குறி போட்டுவிட்டுத்தான் அப்பா சாப்பிடப் போவார். எவனாவது ஒரு கைப்பிடி அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்பார். ஞாயிறு பூசையில் பக்கத்தில் முழந்தாள் போடுகிற ஆளையும் ஓரக்கண்ணால் பார்ப்பார். நான் அவர் பிள்ளை.

அப்போது புதுசு புதுசாகக் கார்கள் ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தன. திருக்காட்டுப்பள்ளிப் பையன்கள் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். மஸ்கட்டில் இருந்த அண்ணன் எனக்கும் விசா எடுத்துவிட்டான். எனக்குப் போக மனசே இல்லை. அவன் விட்டுப்போன பழைய காரில் சென்னையில் ஒரு ரேஸ் ஓடி ஜெயித்தால், அங்கே ஒரு டீமில் என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். "இந்த ஒரு ரேஸ்தாண்ணே. தோத்தா வந்துடுறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

புதுக் கார்களோடு மல்லுக்கட்ட எஞ்சினின் சிசியைக் கூட்ட வேண்டும். அதற்குச் சிலிண்டரை உள்ளே கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போட வேண்டும். தஞ்சாவூரில் ஒரு லேத் பட்டறைக்காரர் அதில் கைதேர்ந்தவர் என்றார்கள். போய்க் கேட்டேன்.

"சுவர் ஓரளவுக்குத்தான் தாங்கும். அதுக்கு மேல கடைஞ்சா வெளியில ஓடுற தண்ணி உள்ள வந்துடும். பாத்துச் செய்றேங்க. பிஸ்டனும் நானே வாங்கிப் போட்டுடுறேன்," என்றார்.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. கொஞ்சமாகக் கடைந்து, சின்ன பிஸ்டனாகப் போட்டுப் பூட்டிவிட்டால் எனக்கு என்ன தெரியும்? அளந்து பார்க்கக் கருவியும் இல்லை. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை மனுசன். பேசாதவன் எதையோ மறைக்கிறான் என்பது என் எண்ணம்.

வீட்டுக்கு வந்து, மூணாவது சிலிண்டரின் உள்சுவரில் அடியில், எண்ணெய்க் கறுப்புக்குள் உளியால் ஒரு கோடு இழுத்தேன். சொன்ன அளவு கடைந்தால் கோடு போயிருக்கும். ஏமாற்றினால் நிற்கும். நன்றாக நிற்கட்டும் என்று அழுத்தியே இழுத்தேன். மறுநாள் எஞ்சினைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாலாம் நாள் போனபோது அவர் எஞ்சினுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"சொன்ன அளவு கடைஞ்சேங்க. மூணாவதுல ஒரு கோடு நின்னுச்சு. அப்படியே குடுக்க மனசு வரல. அதை எடுக்க இன்னும் கொஞ்சம் போனேன், சுவர் விட்டுடுச்சு. இனி உள்ள ஸ்லீவ் குழாய் அடிச்சுப் பழைய அளவுலதான் ஓட்டலாம்." தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "என் டூல்தான் கீறியிருக்கணும். இத்தனை வருசத்துல இப்படி ஆனதில்ல. மன்னிச்சுக்கங்க."

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். "பரவாயில்லைங்க" என்று பெரிய மனுசன் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். ரேஸ் கைவிட்டுப் போனது. அடுத்த மாதம் மஸ்கட் போனேன்.

மூணு வருசம் கழித்து லீவில் வந்தபோது, சொல்லிவிடுவது என்றுதான் பட்டறைக்குப் போனேன். சிலிண்டர் கடைகிற போரிங் மெஷினில் வேறு ஆள் நின்றான். அவர் ஓரமாக உட்கார்ந்து வால்வு தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து டீ சொன்னார்.

"நீங்க போரிங் பண்றதில்லையா?"

"உங்க எஞ்சினோட நிறுத்திட்டேங்க. கையை நம்ப முடியல."

டீ வந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.