புதுப் பெயிண்டுக்குள் ஒரு விரிசல்

புதிது வாங்க வசதியில்லாததால், தாராவியிலிருந்து செம்பூர் பட்டறைக்குப் போய்வர என் கணவர் பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்கினார். துபாயிலிருந்து வந்ததாம், பளபளவென்று இருந்தது. மறுநாள் மகளை முன்னால் உட்காரவைத்தபோது அவள் பாவாடையில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது. எரிச்சலோடு மண்ணெண்ணெய்த் துணியால் சைக்கிளைத் துடைத்தேன். பெயிண்ட் கரைந்த இடத்தில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தது.

“ஏங்க, இதப் பாத்தியளா? விரிஞ்சிருக்கு!”

“வெறும் கீறலா இருக்கும், விடு.”

“பிள்ளைய இறக்கிட்டு ஹேண்டில அழுத்திப் பாருங்க.”

அவர் மகளை இறக்கிவிட்டு, பலமாக ஊன்றி அழுத்தினார். ஃபோர்க் டக்கென்று முறிந்தது. பட்டறைக்குப் போகும் வழியில், சயான் பாலத்துச் சரிவில் இது நடந்திருந்தால்?

இப்போதெல்லாம் பழைய சாமான் வாங்கப் போனால், பெயிண்ட் உதிர்ந்து நிற்பதைத்தான் முதலில் பார்க்கிறோம். பளபளப்பதைக் காட்டினால் நகர்ந்துவிடுகிறோம்.