நான் இடித்த மாடிகள்

போன தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஸ்காபரோவில் வோபர்ன் பக்கம் ஒரு பிளாசாவின் கார் நிறுத்துமிடம். குளிர் மைனஸ் பதினெட்டு. அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன், நான் செய்த கெட்டித்தனத்தைச் சொல்லவேண்டும்.

இணையத்தளம் வடிவமைப்பது என் தொழில். என் கணவருக்கு விபத்தொன்றில் முள்ளந்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஐந்து வருடமாக மின்சாரச் சக்கர நாற்காலிதான். அது சீனாவில் செய்தது. கூட வந்த கையேட்டில் நாலு படமும் ஓர் எச்சரிக்கையும்தான் இருந்தன. பழுது வந்தால் எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு சீன மொழித் தளம். அதே நாற்காலியில் இருப்பவர்களும் அதைத் திருத்தத் தெரிந்தவர்களும் கூடிக் கதைக்கிற இடம். எனக்குச் சீன மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. போன் மொழிபெயர்த்துத் தரும், நான் வாசிப்பேன்.

அங்கே பேச்சே வேறு. ஒருவர் கேள்வி போட்டால் அது ஒரு கட்டிடம், அவர் வீட்டுக்காரர். கீழே வரும் ஒவ்வொரு பதிலும் ஒரு மாடி. முதலாவதாக ஓடிவந்து பதில் போடுபவர் ‘சோபா எனக்கு’ என்று பெருமையாக எழுதுவார். என்னைப்போல் வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவர்கள் தண்ணீருக்கு அடியில் இருப்பவர்கள். ஒன்று பிடித்துவிட்டால் 666 என்று மூன்று ஆறு போடுவார்கள். நம்மவர்கள் ‘கலக்கிட்டாய்’ என்பதுபோல. இதையெல்லாம் ரசித்த எனக்கு, அந்தப் பக்கத்தின் தோற்றத்தை மட்டும் பொறுக்க முடியவில்லை. சிவப்பு, மஞ்சள், மூலையில் ஆடுகிற பொம்மை, முதல் பக்கத்திலேயே இருநூறு இணைப்புகள், ஒவ்வொரு பதிலுக்கும் தடித்த எழுத்தில் மாடி எண். கோயில் திருவிழாக் கடைத்தெரு தோற்றுப்போகும்.

தளத்தை நடத்துபவர் றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் ஒரு சீனப் பெண்மணி. நாற்காலி திருத்தும் கடையில் பழக்கமானவர். இலவசமாகவே வடிவாக்கித் தருகிறேன் என்று நானே போய் நின்றேன். எங்கள் ஆட்களுக்கு எல்லாம் கண்முன்னால் இருக்கவேண்டும், தேடுகிற வேலை பிடிக்காது என்று அவர் இரண்டு தரம் சொன்னார். நான் விட்டால்தானே! என் வாய்க்கு முன்னால் நிற்க முடியாமல் கடைசியில் தலையாட்டினார்.

மார்கழியில் புதுப் பக்கம் வந்தது. வெள்ளை வெளேரென்று, நடுவில் ஒரு தேடல் பெட்டி. பதில்கள் வந்த வரிசையில் நிற்காமல், அதிகம் பேர் விரும்பியவை மேலே வரும்படி செய்தேன். மிச்சமெல்லாம் ஒரு பட்டனுக்குள். மாடி எண்களை அழித்தேன். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஆட்கள் பதில் எழுதும்போது தொடக்கத்தில் தாங்களே கையால் 588, 589 என்று எண் போடத் தொடங்கினார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்த எண்களைத் தானாக அழிக்க ஒரு சின்னப் புரோகிராம் எழுதி, சனிக்கிழமை போடுவதாக வைத்திருந்தேன்.

அதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. டொக்டரிடம் போவதற்காகப் பிளாசாவைக் கடந்துகொண்டிருந்தோம். இவர் தடித்த கையுறையோடு நாற்காலியின் பட்டனைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டார். ‘பீப்’ என்றது. அப்படியே நின்றுவிட்டது.

“என்னப்பா, உது அசையுதில்லை” என்றார்.

பூட்டு விழுந்துவிட்டது என்று விளங்கியது. களவு போகாமல் இருக்க வைத்திருக்கும் பூட்டு. இரண்டு வருடத்துக்கு முன்பும் ஒருமுறை விழுந்து, அந்தத் தளத்தைப் பார்த்துத்தான் திறந்தோம். அன்றைக்கே ஒரு துண்டில் எழுதிக் கைப்பிடிக்குக் கீழே ஒட்டியிருந்தேன். குனிந்து பார்த்தேன். என் கையெழுத்துத்தான்: ‘பூட்டு விழுந்தால் 43ஆம் மாடி.’ முறையை எழுதாமல் இடத்தை எழுதியிருந்தேன். தளம் எங்கே ஓடிவிடப்போகிறது என்ற நினைப்பு!

போனில் எங்கள் நாற்காலியைப் பற்றிய கட்டிடத்தைத் திறந்தேன். அறுநூறு பதில்கள், முன்பின்னாக. நாற்பத்து மூன்றாம் மாடி என்று ஒன்று இல்லவே இல்லை. தேடல் பெட்டியில் எதைத் தட்டினாலும் பற்றரி விலைதான் வந்தது. பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து தள்ளிப் பார்த்தார்கள். பிரேக் விழுந்த சக்கரம் அசையவில்லை. ஆளைத் தூக்குவமோ என்று கேட்டார்கள். முள்ளந்தண்டு அடிபட்டவரை அப்படித் தூக்க எனக்குப் பயம். ஒருவர் அம்புலன்சுக்குப் போன் போட்டார். குளிர் கடித்தாலும் இவருக்குக் காலில் தெரியாது, அதுதான் பெரிய பயம். என் ஜாக்கெட்டைக் கழற்றிக் காலில் சுற்றினேன்.

இவர் நடுங்கிக்கொண்டே சிரித்தார். “நீர்தானே உந்தப் பக்கத்தை வடிவாக்கினனீர்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றுதான் முதல்தடவையாகத் தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டினேன். ‘பூட்டு விழுந்துவிட்டது, 43ஆம் மாடியில் என்ன இருந்தது, என் கணவர் குளிரில் மாட்டிக்கொண்டார்’ என்று மொழிபெயர்த்துப் புதுக் கட்டிடமாகப் போட்டேன். சீனாவில் அப்போது இரவு பத்து மணி. ஒரு நிமிடம் ஆகியிருக்காது, பதில் வந்தது. தொடக்கத்தில் கையால் போட்ட எண்.

‘1. சோபா. 43இல் இருந்தது இது. பட்டனைப் போடு. ஓட்டுகிற தடியை முன்னால் தள்ளிப் பீப் கேட்கும்வரை பிடி. பின்னால் இழுத்துப் பீப் கேட்கும்வரை பிடி. விடு.’

‘2. காலை மூடுங்கள்.’

‘3. நகர்ந்ததா?’

நகர்ந்தது. கடைக்குள்ளே போய்ச் சூட்டில் நின்றுகொண்டு நன்றி எழுதினேன். நாலாம் மாடியிலிருந்து முப்பதாம் மாடிவரை வெறும் 666தான்.

அம்புலன்ஸ்காரர் காலைப் பார்த்துவிட்டுப் பயமில்லை என்ற பிறகு, அந்தப் பெண்மணிக்குப் போன் எடுத்து, யார் அந்த முதலாம் மாடி என்று கேட்டேன். அவரும் நாற்காலியில் இருப்பவராம். ஒரு விரல் மட்டும் வேலை செய்யுமாம். நான் எண்களை அழித்த அன்று, தான் சேமித்து வைத்திருந்த பழைய பக்கங்களிலிருந்து எந்த மாடியில் என்ன இருந்தது என்று எழுதத் தொடங்கி, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாராம். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சும்மா செய்துதந்த வேலையைக் குறை சொல்ல மனம் வரவில்லை என்றார் பெண்மணி. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று பின்னேரமே மாடிகளைத் திரும்பக் கட்டினேன். சிவப்பும் மஞ்சளும் வந்தன, ஆடுகிற பொம்மையும் வந்தது. சனிக்கிழமைக்கு எழுதி வைத்த புரோகிராமை அழித்தேன். கைப்பிடிக்குக் கீழே ஒட்டிய துண்டில் இப்போது முறையும் இருக்கிறது. ‘43ஆம் மாடி’ என்பதையும் விட்டுவைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தை வடிவாக்க உட்காரும்போதெல்லாம், எனக்குக் குப்பையாகத் தெரிகிற ஒன்றை யாரோ ஒருவர் குளிரில் நின்று தேடக்கூடும் என்ற நினைவு வந்து, அழிக்கப்போகும் என் விரலைக் கொஞ்சநேரம் நிறுத்திவைக்கிறது.