மைனஸ் பதினான்கில் திறந்திருந்த ஜன்னல்

வெள்ளி, காலை எட்டரை மணி. ஜெர்மனியின் பான் நகர ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடைப் பலகையில் மைனஸ் ஒன்பது டிகிரி என்று பச்சை எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. நடைமேடையில் யாரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. இரண்டடி போவதும் இரண்டடி வருவதுமாக இருந்தார்கள். பேசியவர்களின் வாயிலிருந்து புகை வந்தது; பேசாதவர்களின் மூக்கிலிருந்து வந்தது.

நான் இரண்டு கால்சட்டை, மூன்று பனியன், கம்பளிச் சட்டை, அதற்கு மேல் மருமகனின் கோட்டு என்று ஏறத்தாழ ஒரு மூட்டையாக நின்றேன். பான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் என் மகளின் உத்தரவு அது. "லேயர் லேயரா போடுங்கப்பா. ஒரே மொத்த ஸ்வெட்டர் யூஸ்லெஸ்" என்று சொல்லி, கடைசி நிமிடத்தில் என் தலையில் ஒரு குல்லாயையும் மாட்டிவிட்டாள்.

நான் போக வேண்டிய ஊர் டோர்ட்மண்ட். பானிலிருந்து கொலோன் முப்பது கிலோமீட்டர், அங்கே வண்டி மாறி டோர்ட்மண்ட் இன்னொரு நூறு. சாதாரண நாளில் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் பயணம். அன்று நான்கு மணி நேரம் ஆனது. கொலோனைத் தாண்டியதும் தண்டவாளம் பிரியும் இடத்தில் பனி உறைந்து வண்டி நின்றுவிட்டது. பயணச்சீட்டுப் பரிசோதகர் பெட்டி பெட்டியாக வந்து, கழிப்பறைத் தண்ணீரும் உறைந்துவிட்டது, மன்னிக்கவும் என்றார். எதிரே இருந்த பெரியவர் தன் குடுவையிலிருந்து காப்பி ஊற்றப்போனவர், அதைக் கேட்டதும் மூடியைத் திருகி உள்ளே வைத்துவிட்டார்.

யோகநாதன் அண்ணன் நடைமேடையிலேயே காத்திருந்தார். அவரை எனக்குத் திருச்சியிலிருந்து தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஜெர்மனிக்குப் போவதற்கு முன் ஒரு வருடம் எங்கள் எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்தார். நான் அப்போது பள்ளி மாணவன்; பத்திரிகையில் எழுத வந்தது அதற்குப் பிறகு. இப்போது அவருக்கு அறுபது கடந்துவிட்டது; ரொட்டித் தொழிற்சாலையில் வேலை.

"வாங்கோ தம்பி. குளிருதோ?"

"கொஞ்சம்ணே."

"கொஞ்சமோ? எனக்கு நாப்பது வருசமாக் குளிருது."

அவர் வீடு நகரின் வடக்குப் பகுதியில், நான்கு மாடியும் எட்டு வீடுகளும் கொண்ட பழைய கட்டடம். இவர்களுடையது இரண்டாம் மாடி. வாசல் முன்னால் நடைபாதையில் பனி வழித்து, பொடிக்கல் தூவியிருந்தது. அந்த வேலையை எட்டு வீட்டுக்காரர்களும் வாரம் ஒருவராக முறை வைத்துச் செய்ய வேண்டுமாம். இந்த வாரம் யார் முறை என்று கேட்டேன்.

"மேல்வீட்டுப் பெடியன்ர முறை. ஆனா நான்தான் வழிக்கிறது. இருபத்தைஞ்சு வருசத்துக்கு மேல இஞ்ச இருக்கிறம் தம்பி. எங்களப் பற்றி ஆரும் ஒரு சொல்லுச் சொல்லக் கூடாது."

மாலை ஆறு மணிக்கு அவர் மனைவி சிவமலர் மீன் பொரிக்க ஆயத்தமானார். அதை நான் கவனமாகப் பார்த்தேன், ஏனென்றால் அது சமையல் மாதிரித் தொடங்கவில்லை. முதலில் நடைவழியில் தொங்கிய கோட்டுகளை எல்லாம் அள்ளிப் படுக்கையறை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு சமையலறைக்குள் போய், ஜன்னலின் மேல்பகுதி ஒரு சாண் உள்ளே சாயும்படி திறந்துவைத்தார். ஜன்னலுக்குக் கீழே வெந்நீர் ஓடும் இரும்புத் தகடு இருந்தது. வீட்டைச் சூடாக்கும் கருவி, ஹைசுங் என்கிறார்கள். அதன் குமிழை முழுக்க மூடினார். கடைசியாகக் கதவைச் சாத்தி, கதவடி இடைவெளியில் ஈரத்துணியைச் செருகினார். அதன் பிறகுதான் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறியது.

சாப்பிடும்போது காரணம் கேட்டேன்.

"வந்த புதுசில கீழ்வீட்டு மனுசன், எங்கட சாப்பாட்டு மணம் தாங்க ஏலாது எண்டு வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதிப் போட்டார் தம்பி. சொந்தக்காரர் எங்களுக்குக் கடிதம் அனுப்பினார். அண்டையில இருந்து, சமைச்சா அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் ஜன்னல் திறந்துதான் கிடக்கும்."

"ஹைசுங்கை ஏன் மூடுறீங்கக்கா?"

"பின்ன ரோட்டுக்கே சூடு காட்டுறது?"

மீன் நன்றாக இருந்தது. இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினேன்.

சனி, காலை. வெளியே மைனஸ் பதினான்கு. இரவு முழுக்கத் திறந்துகிடந்த சமையலறை ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில் பனி பூத்திருந்தது. ஒன்பது மணிக்கு சிவமலர் அக்கா எனக்காக இடியப்பம் அவிக்கச் சமையலறைக்குள் போனார். நான்கு அடுப்பையும் மூட்டினாராம், அறை அவ்வளவு குளிர். அரை மணி நேரம் கழித்து, "இஞ்சாருங்கோ! ஓடி வாங்கோ!" என்ற சத்தம் கேட்டது.

ஹைசுங்கின் இரும்பு நீளவாக்கில் வெடித்திருந்தது. இரவில் உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து, விரிந்து, இரும்பைப் பிளந்திருக்கிறது. உறைந்திருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. அடுப்புச் சூட்டில் பனி இளகியதும் பீறிட்டுவிட்டது. தண்ணீர் மைக்கறுப்பு, துருவும் பழைய எண்ணெயும் கலந்த நாற்றம். அதை ஏந்த நான் இடியப்பப் பானையைப் பிடித்தேன், அக்கா சோற்றுச் சட்டியைப் பிடித்தார். அண்ணன் படியிறங்கி நிலவறைக்கு ஓடினார். அவர் அங்கே பெரிய குழாயை மூடி வருவதற்குள் தரை முழுக்கக் கறுப்பு. சுவரோரமாக இறங்கிய தண்ணீர் எங்கே போயிருக்கும் என்பதில் மூவருக்கும் சந்தேகமே இல்லை.

குழாயை மூடினால் எட்டு வீட்டுக்கும் சூடு நின்றுவிடும். அண்ணன் பராமரிப்பு நிறுவனத்தின் விடுமுறைநாள் எண்ணுக்கு அழைத்தார். நகரம் முழுக்கக் குழாய்கள் வெடித்திருக்கின்றன, ஆள் மத்தியானத்துக்குப் பிறகுதான் வர முடியும் என்றார்கள். அடுத்து ஸ்பீக்கரில் மகள் தாரணிக்கு அழைத்தார். இதே ஊரில் தனியாக இருந்து மருத்துவமனை ஒன்றில் வேலை செய்யும் பெண்.

"அப்பா, ஃபெர்சிஹெருங் இருக்குத்தானே, அவை கட்டுவினம். ஏன் உப்பிடிப் பயப்படுறியள்?" காப்பீட்டைச் சொல்கிறாள் என்று அண்ணன் எனக்கு மெல்லச் சொன்னார். "ஆனா ஜன்னல் திறந்து கிடந்தது எண்டு இப்ப ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

போனை வைத்துவிட்டு அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால்வரை கறுப்பு.

"காசு இல்லைத் தம்பி பிரச்சினை. பேர். அந்தக் கடிதத்துக்குப் பிறகு இவ்வளவு காலமும் ஒரு முறைப்பாடு, ஒரு புகார் எண்டு வராமல் இருந்தனாங்கள். இண்டைக்கு எட்டு வீடும் எங்களாலதான் குளிருது."

"எங்களால எண்டு அவைக்கு ஆர் சொன்னது?" என்றார் அக்கா. "பைப் எண்டா வெடிக்கிறதுதான். வாறவன் வந்து திருத்தட்டும். நீங்கள் பேசாமல் இருங்கோ."

வீட்டின் மற்ற அறைகளில் தகடுகள் டிக் டிக் என்று ஆறும் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து கால்சட்டை மாற்றினார்.

"மூண்டாம் மாடியில கைக்குழந்தை இருக்கு. அதுகளுக்கு என்ன நடந்தது எண்டு தெரிய வேணும். மற்ற ஜன்னல் எல்லாம் பூட்டச் சொல்ல வேணும். தம்பி, நீங்களும் வாறியளோ? தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்கு."

நாங்கள் செருப்பு மாட்டுவதற்குள் அக்கா வீட்டிலிருந்த குடுவைகளிலெல்லாம் கொதிநீர் நிரப்பிக் கொண்டுவந்து நீட்டினார். தேநீராகவே கொடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. ஏலக்காய் மணக்குது எண்டுவினம். வெறும் தண்ணியாக் குடுங்கோ."

கைக்குழந்தை வீட்டில் ஒரு இளம் தம்பதி. அண்ணன் சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் இறுகியது. அண்ணன் திரும்பிப் போய், தன் வீட்டில் இருந்த ஒரே மின்சூடேற்றியைத் தூக்கிவந்து அவர்கள் வாசலில் வைத்தார். கணவன் நன்றி சொன்னான். மனைவி கதவைச் சாத்தினாள். பனி வழிக்க வேண்டிய மேல்வீட்டுப் பையன் போர்வையைச் சுற்றிக்கொண்டே வந்து, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போனான். ஒரு வீட்டில் ஆள் இல்லை. ஒரு வீட்டில் ஒருவர் கொஞ்ச நேரம் சத்தம் போட்டார். ஒவ்வொரு வாசலிலும் அண்ணன் முதலில் சொன்ன வாக்கியம் ஒன்றேதான் என்று ஜெர்மன் தெரியாத எனக்கே புரிந்துபோனது: எங்கள் வீட்டிலிருந்துதான்.

முதல் மாடியைக் கடைசிக்கு வைத்திருந்தார். அவர்களுக்கு நேர் கீழே இருப்பது ஃப்ரௌ லேமன், அதாவது திருமதி லேமன். எழுபது வயதிருக்கும், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்தவர் கோட்டும் தொப்பியும் அணிந்திருந்தார். பின்னால் சமையலறைக் கூரையிலிருந்து கறுப்பு நீர் மூன்று வாளிகளில் சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் நீளமாகப் பேசினார். அந்த அம்மாள் குறுக்கே ஒரு கேள்வி கேட்டார்.

"என்னண்ணே கேக்கறாங்க?"

"உங்கட சமையலறை ஜன்னல் ஏன் எந்த நேரமும் திறந்து கிடக்குது எண்டு கேக்கிறா."

மகள் சொல்லியிருந்தது அவருக்கு நினைவு வந்திருக்கும். படிக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்: மீன், எண்ணெய், கடிதம், கதவடித் துணி. மூக்கைத் தொட்டுக் காட்டியும் சொன்னார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே தொப்பியைக் கழற்றினார். அவர் பதில் சொல்லி முடித்ததும் அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகுதான் எனக்கு மொழிபெயர்த்தார்.

"கடிதம் எழுதினது இவவுக்கு முந்தி இருந்த மனுசன். அந்தாள் இஞ்ச இருந்து போய் ஒன்பது வருசம். அது எனக்குத் தெரியும் தம்பி, ஆனா பழகிப்போட்டுது. இவ சொல்லுறா, தனக்கு ஒரு மணமும் வந்ததில்லையாம். எங்கட சமையலறை குளிருறதால தன்ர கூரை குளிர்ந்து, ஒன்பது வருசமா ஸ்வெட்டர் போட்டுத்தான் சமைக்கிறாவாம்."

"அப்ப ஏன் சொல்லலையாம்?"

அவர் திரும்பிக் கேட்டார். அந்த அம்மாள் தோளை ஒருமுறை உயர்த்தி இறக்கினார்.

"நீங்கள் எவ்வளவு அமைதியான ஆக்கள், உங்களிட்டப் போய் எப்பிடி முறைப்பாடு சொல்லுறது எண்டு கேக்கிறா."

பிளம்பர் மூன்றரை மணிக்கு வந்தார். வெடித்த தகட்டைக் கழற்றி, குழாய் வாய்களுக்கு மூடி போட்டார். காரணத்தைக் கேட்காமலே ஜன்னலைப் பார்த்துவிட்டுத் தன் கருவியில் ஏதோ பதிந்துகொண்டார். ஐந்து மணிக்குத் தகடுகள் களகளவென்று காற்றை விட்டுச் சூடேறத் தொடங்கின. மாடிப்படியில் யாரோ கைதட்டினார்கள். அந்த இரவு சிவமலர் அக்கா எதுவும் பொரிக்கவில்லை.

ஞாயிறு. காலை ஏழு மணிக்கு அக்கா எனக்கு வழிச்சாப்பாடு கட்டுவதற்காகத் தேங்காய்ச் சம்பலை மிக்ஸியில் போட்டார். இரண்டு சுற்றுத்தான் சுற்றியிருக்கும், அழைப்புமணி அடித்தது. வாசலில் ஃப்ரௌ லேமன், இரவு உடையில். இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டு, தலையசைத்துவிட்டு இறங்கிப் போனார். அக்காவின் முகம் வெளுத்தது.

"ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு முந்தி மிக்ஸி போட வேண்டாமாம். எத்தினையோ வருசமா இந்தச் சத்தத்தில நித்திரை கொள்ள ஏலாமல் கிடக்கிறாவாம்." அக்கா கையில் மிக்ஸி மூடியோடு நின்றார். "ஐயோ, நேற்றுத் தண்ணி, இண்டைக்குச் சத்தம். இனி என்ன செய்யிறது?"

அண்ணன் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். "என்ன செய்யிறது? ஒன்பது மணிக்கு அரை."

ஒன்பது மணிக்கு அரைத்தார். அதனால் நாங்கள் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியிருந்தது. உறைந்த நடைபாதையில் ஓடுவது அறிவுள்ளவர்கள் செய்யும் காரியமல்ல. மைனஸ் பதினொன்றில் எனக்கு வியர்த்தது.

திருச்சியில் என் அடுக்ககத்தில் கீழ்வீட்டுக்காரர் வாரம் ஒருமுறையாவது மாடியேறி வருவார். துணி சொட்டுகிறது, மோட்டாரை யார் போட்டுவிட்டு மறந்தது, உங்கள் வண்டி என் வழியில் நிற்கிறது. சொல்லிவிட்டு உட்கார்ந்து செய்தித்தாளையும் படித்துவிட்டுத்தான் போவார். அதை ஒரு தொல்லை என்றே இதுவரை எண்ணியிருக்கிறேன். டோர்ட்மண்டில் மேலும் கீழுமாக இரண்டு வீடுகள், ஒருவருக்கொருவர் தொந்தரவு தரக் கூடாது என்று ஒன்பது குளிர்காலம் பொறுத்திருக்கின்றன.

வண்டி நின்றது. நான் ஏறித் திரும்பினேன். அண்ணன் நடைமேடையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"தம்பி, இந்த நாட்டில இத்தினை வருசத்தில, கடிதம் போடாமல், ஒரு ஆள் கதவைத் தட்டி எங்கட முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் முறைப்பாடு இது. பேப்பரில எழுதினா அதையும் எழுதுங்கோ."